விட்டுக்கொடுப்பவர்களின் வரிசை

ஆறாவது தடவையாகவும் அஞ்சுகம் தன்னுடைய ஆபரேஷனை முன்பின் தெரியாத ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்தாள்.

போன் வந்தபோது மாலை ஐந்தரை மணி. 14-பி பஸ் மேலக்கரை டெப்போவுக்குள் நுழைந்து, தானே இடம் பார்த்து நின்று, தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ஓட்டுநர் உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒரு கறுப்புப் பெட்டிதான். ஆனால் மீன்கூடையோடு ஏறும் பெண்களையும், போதையில் ஏறி ஊருக்கே அரசியல் பாடம் நடத்தும் ஆசாமிகளையும் சமாளிக்கிற பெட்டியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் டிரைவர்கள் போனார்கள், கண்டக்டர்கள் மிஞ்சினார்கள். அஞ்சுகம் அவர்களில் ஒருத்தி. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு வருட சர்வீஸ். நின்று நின்றே தேய்ந்துபோன ஒரு வலது இடுப்பு மூட்டு.

"வணக்கம் அஞ்சுகம் அம்மா, தோழி பேசுறேன்."

தோழி மனுஷி அல்ல. அரசு மருத்துவமனைகளின் ஆபரேஷன் வரிசையைக் கவனித்துக்கொள்ளும் இயந்திரம். யாருக்கு எந்தத் தேதி, எந்த டாக்டர், எந்தக் கட்டில் என்று எல்லாம் அதன் பொறுப்பு. குரல் மட்டும் கூடப்பிறந்த தங்கையின் குரல் மாதிரி அவ்வளவு பாசமாக இருக்கும்.

"நாளைக்குக் காலையில உங்களுக்கு ஆபரேஷன். தயாரா இருக்கீங்களா?"

"பெட்டியெல்லாம் கட்டியாச்சும்மா."

"ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு விஷயம். உங்களுக்கு அடுத்து வரிசையில ஒரு நெசவாளி இருக்கார். நாற்பத்தொரு வயசு. காலைத் தறிக்குழிக்குள்ள இறக்க முடியல. மூணு மாசமா அவர் வீட்டுல தறிச் சத்தமே இல்ல. அவருக்கு உதவியா உங்க இடத்தை விட்டுக்கொடுப்பீங்களா? கட்டாயம் இல்லை. உங்க விருப்பம்தான்."

அஞ்சுகம் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் ஒரு தறி அசையாமல் நின்றது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "சரிம்மா, அவரே பண்ணிக்கட்டும்" என்று வந்தது.

"உங்க பெரிய மனசுக்கு நன்றி" என்றது தோழி.

வீட்டில் அவள் கணவர் தணிகாசலம் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, கட்டிவைத்த பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தடவை யாரு?"

"நெசவாளிங்க. பாவம்."

"முதல்ல கொத்தனார். அப்புறம் நர்ஸு, பூக்காரம்மா, போஸ்ட்மேன், சமையல்காரர். ஜில்லாவுல இருக்கிற இடுப்பெல்லாம் நிமிர்ந்தாச்சு. உன் இடுப்பு ஒண்ணுதான் பாக்கி." அவருக்குக் கோபம் வந்தால் கத்தரிக்கோலை எடுத்து வெறும் காற்றை வெட்டுவார். இப்போதும் வெட்டினார். "மாசி மாசம் மெடிக்கல் போர்டு முன்னாடி போய் நிக்கணும், ஞாபகம் இருக்கா?"

எப்படி இல்லாமல் இருக்கும்? கைப்பிடியைத் தொடாமல் பஸ்ஸின் மூன்று படிகளையும் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். தீபாவளிக்குள் மூட்டை மாற்றினால்தான் மாசியில் படி ஏற முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது.

அஞ்சுகத்துக்கு அந்த வேலையை விட்டால் வேறு உலகம் தெரியாது. ஐந்து நிமிடத்தில் நூறு பேரை ஒழுங்குபடுத்தத் தெரியும். கர்ப்பிணிக்கு இடம் கொடுக்காமல் தூங்குவதுபோல் நடிக்கிறவனை ஒரே அதட்டலில் எழுப்பத் தெரியும். வீட்டில் உட்கார மட்டும் தெரியாது.

திங்கட்கிழமை மறுபரிசோதனைக்கு மாவட்ட மருத்துவமனைக்குப் போனாள். எலும்புப் பிரிவு வாசலில் ஒரு நீளமான பெஞ்சு இருந்தது. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் சுவரில் சாய்ந்து, ஒருவர் இரண்டு ஊன்றுகோல்களில் தொங்கிக்கொண்டு, ஒரு பெண்மணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"பெயிண்ட் அடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க, நீங்க உக்காருங்க" என்றார் ஊன்றுகோல்காரர்.

"நீங்க உக்காருங்கய்யா, ரெண்டு கோலோட நிக்கிறீங்க."

"பரவால்ல. இந்த அம்மா காலையிலேர்ந்து நிக்கிறாங்க."

"ஐயோ, எனக்கு வேணாம்" என்றாள் ஜன்னல் கம்பி பெண்மணி. "அந்தத் தாத்தா உக்காரட்டும்."

"நான் என்ன அவ்வளவு கெழவனா? நீ உக்காரும்மா" என்றார் தாத்தா.

அஞ்சுகம் சிரிக்கப் போனாள். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ விதமான கூட்டத்தைப் பார்த்திருக்கிறாள். எந்தக் கூட்டத்திலும் நல்ல மனசுக்காரர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் தேறுவார்கள். மீதிப்பேர் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். ஒரு இடத்தில் அத்தனை பேரும் விட்டுக்கொடுக்கிறவர்களாகவே இருந்தால், அது தானாகச் சேர்ந்த கூட்டமாக இருக்க முடியாது. யாரோ சலித்து எடுத்திருக்கிறார்கள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றாள், பஸ்ஸில் பேசுகிற குரலில். "தோழி கேட்டு ஆபரேஷனை விட்டுக்கொடுத்தவங்க இங்க எத்தனை பேரு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கைகள் மெல்ல உயர்ந்தன. எல்லாக் கைகளும்.

வரிசைப் பிரிவில் உட்கார்ந்திருந்த அல்போன்ஸுக்கு முப்பது வயது இருக்கும். தோழியின் கணக்கைத் தினமும் சரிபார்த்து மேலே அனுப்புவது அவன் வேலை. 14-பியில்தான் அவன் கல்லூரிக்குப் போனான். அந்த உரிமையில் அஞ்சுகம் அனுமதி கேட்காமல் உள்ளே போய் நின்றாள்.

"வாங்கக்கா. உக்காருங்க."

"உக்காந்தா எழுந்திரிக்க முடியாது. நின்னுக்கிட்டே கேக்கறேன். ஆறு தடவை என்னை மட்டும் ஏன்டா கேக்குது அந்தப் பொண்ணு?"

அல்போன்ஸ் கதவைச் சாத்தினான். "நான் சொன்னேன்னு வெளியில சொல்லாதீங்க. இந்த ஆஸ்பத்திரி முழுக்க மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஒரே ஒருத்தர்தான். சிசேரியன் வந்தா அங்க ஓடுவார். ஆக்சிடென்ட் வந்தா அங்க ஓடுவார். உயிர் போற கேஸை விட்டுட்டு உங்க இடுப்புக்கு வர முடியுமா? உயிர் போற கேஸுக்குப் பேரு அவசரம். வலி மட்டும் இருக்கிற கேஸுக்குப் பேரு திட்டமிட்டது. திட்டமிட்டது காத்திருக்கணும்."

"காத்திருக்கச் சொன்னா காத்திருப்போம். எங்ககிட்ட ஏன் பிச்சை கேக்குது?"

"அங்கதான் விஷயம். நாளைக்கு எத்தனை பிரசவம் சிக்கலாகும்னு தோழிக்கு முந்தின நாளே தெரியும். கணிப்பு அவ்வளவு துல்லியம். அதுக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். 'கட்டாயத் தள்ளிவைப்பு' குறையணும். டாக்டர் இல்லாம ஆஸ்பத்திரி தள்ளி வச்சா அது கட்டாயம். நீங்களா விட்டுக்கொடுத்தா அது விருப்பம், கணக்குல வராது. அதனால யார்கிட்ட எப்படிக் கேட்டா சரின்னு சொல்வாங்கன்னு அது தானா கத்துக்கிச்சு. ஒரு கவுன்சிலர்கிட்டயும் கேட்டுப் பாத்துச்சு. அவர் கத்தின கத்துல ஜென்மத்துக்கும் அவரைக் கேக்காது. உங்களைக் கேட்டா ஆறுக்கு ஆறு சரி."

"அப்ப நல்லவங்களாப் பொறுக்கி எடுத்து நிக்க வச்சிருக்கு."

"அதுக்கு நல்லவங்க கெட்டவங்கன்னு தெரியாதுக்கா. சரின்னு சொல்றவங்க, மாட்டேன்னு சொல்றவங்க. அவ்வளவுதான்." அல்போன்ஸ் ஜன்னலைக் காட்டினான். எதிர்க் கட்டடத்தில் ஒரு பெரிய கதவு. பூட்டு துருப்பிடித்திருந்தது. "ரெண்டாவது ஆபரேஷன் தியேட்டர். மேஜை, லைட்டு எல்லாம் வந்து நாலு வருஷம் ஆச்சு. ஆள்தான் இல்லை. எலும்பு டாக்டர் வருஷா வருஷம் ஆள் கேட்டு எழுதறார். மேலேர்ந்து வர்ற பதில் என்ன தெரியுமா? 'உங்கள் மருத்துவமனையில் கட்டாயத் தள்ளிவைப்பு பூஜ்யம். பற்றாக்குறை எதுவும் இல்லை.' போதாக்குறைக்கு மாநிலத்துல முதலிடம்னு கேடயம் வேற."

அஞ்சுகம் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கதவைப் பூட்டி வச்சிருக்கறது நாங்கதான்னு சொல்றே."

அல்போன்ஸ் சாத்தியிருந்த கதவைத் திறந்துவிட்டான்.

வெளியே வந்தாள். காலிப் பெஞ்சின் முன்னால் நின்று, டிக்கெட் பையில்லாத தோளைப் பழக்கத்தில் ஒருமுறை சரிசெய்துகொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க. இனிமே தோழி கூப்பிட்டா முடியாதுன்னு சொல்லணும்."

"எப்படிங்க சொல்றது?" ஜன்னல் கம்பி பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. "போன தடவை ஒரு பூ கட்டற பொண்ணைப் பத்திச் சொல்லிச்சு..."

"நானும்தான் பூக்காரம்மாவுக்குக் கொடுத்தேன். ஆனா நாம சரி சரின்னு சொல்ற வரைக்கும் டாக்டர் பத்தலைன்னு ஒரு இடத்துலயும் எழுத மாட்டாங்க. அந்தப் பூக்காரம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், முடியாதுன்னு சொல்லுங்க. முதல்ல இந்தப் பெஞ்சுல உக்காருங்க. தாத்தா, நீங்கதான் முதல்ல. பேசக் கூடாது. நகருங்க, நகருங்க, உள்ள இடம் இருக்கு!"

அந்தக் குரலை இருபத்தெட்டு வருடமாக யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. தாத்தா உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து 14-பியில் டிக்கெட்டோடு ஒரு செய்தியும் இலவசமாகக் கிடைத்தது. "ஆஸ்பத்திரி ஸ்டாப்பு இறங்கறவங்க முன்னாடி வாங்க! வீட்டுல யாராவது ஆபரேஷனுக்குக் காத்திருந்தா, தோழி கேட்டா முடியாதுன்னு சொல்லச் சொல்லுங்க! பயப்படாதீங்க, கேஸ் எல்லாம் போட மாட்டாங்க!" மீன்காரப் பெண்கள் அதைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்துக்கும் நூற்பாலைக்கும் அது தானாகவே போய்ச் சேர்ந்தது.

ஊருக்கெல்லாம் சொல்லிவிடலாம். தான் சொல்ல வேண்டிய நேரம் வந்தபோதுதான் அஞ்சுகத்துக்கு அதன் கனம் தெரிந்தது.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை. அதே ஐந்தரை மணி.

"அஞ்சுகம் அம்மா, தோழி பேசுறேன். நாளைக்குக் காலையில உங்களுக்கு ஆபரேஷன். ஒரே ஒரு விஷயம். உங்களுக்கு அடுத்து ஒரு ஆசிரியை இருக்காங்க. முழங்கால் ரொம்பத் தேஞ்சுபோச்சு. அவங்க வகுப்பு மாடியில. பிள்ளைங்க பாக்காத நேரமாப் பாத்து, படியில கையை ஊன்றித் தவழ்ந்து ஏறுறாங்க. உங்க இடத்தை அவங்களுக்கு..."

தணிகாசலம் எதிரே நின்று தலையை இப்படியும் அப்படியுமாகப் பலமாக ஆட்டினார். அஞ்சுகம் அவரைப் பார்க்கவில்லை. ஒரு மாடிப்படியும், அதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான்கு காலில் ஏறும் ஒரு பெண்ணும்தான் அவள் கண்ணில் நின்றார்கள்.

"முடியாது" என்றாள்.

 அவளிடமிருந்து தோழிக்கு அது புதிய பதில்.

"மறுபடியும் யோசிக்கலாமே அம்மா. அவங்க..."

"என் தங்கச்சி மாதிரி இருக்கே. திருப்பித் திருப்பிக் கேக்காதே. முடியாது. இடம் பத்தலைன்னா பத்தலைன்னு எழுதிக்கோ."

போனை வைத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தணிகாசலம் அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அவளுக்குப் பச்சைக் கவுன் போட்டுத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துவிட்டார்கள். எட்டு மணி. ஒன்பது மணி. மேலே காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்பதரைக்கு அல்போன்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அக்கா, மன்னிச்சுக்கங்க. மூணு சிசேரியன். டாக்டர் அங்க போயிட்டார். இன்னைக்கு எலும்புத் தியேட்டர் கிடையாது."

அவன் நீட்டிய திரையில் அவள் பெயர் சிவப்பில் இருந்தது. 'கட்டாயத் தள்ளிவைப்பு. காரணம்: மயக்க மருந்து மருத்துவர் இல்லை.'

அஞ்சுகம் இரண்டு தடவை படித்தாள். "நான் சரின்னு சொல்லியிருந்தா அந்த டீச்சருக்காவது..."

"யாருக்கும் நடந்திருக்காதுக்கா. தியேட்டரையே திறக்கலை."

அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப அந்த நெசவாளி?"

அல்போன்ஸ் தேதியைத் தேடினான். அவன் முகம் மாறியது. "அன்னைக்கும் திறக்கலை."

"போஸ்ட்மேன்? பூக்காரம்மா?"

அவன் திரையைத் தள்ளிக்கொண்டே போனான். அந்த ஆறு தேதிகளிலும் எலும்புத் தியேட்டர் திறக்கவில்லை. 

அந்த வாரம் மேலக்கரையின் கணக்கில் முப்பத்தோரு சிவப்பு வரிகள் விழுந்தன. நான்கு வருடமாகப் பூஜ்யம் காட்டிய ஊரில் திடீரென்று முப்பத்தொன்று! இயந்திரத்துக்குக் கோளாறு என்று நினைத்து முதலில் ஒரு பொறியாளரை அனுப்பினார்கள். அவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது, ஜனங்கள்தான் மாறிவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் நாற்பது. அதற்கடுத்த வாரம் ஒரு அதிகாரிகள் குழு வந்து அந்தத் துருப்பிடித்த பூட்டை நேரில் பார்த்தது. சாவி கிடைக்கவில்லை, உடைத்துத்தான் திறந்தார்கள். புரட்டாசி பதினைந்தாம் தேதி மயக்க மருந்து டாக்டர்கள் இரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

"நாலு வருஷமா நான் எழுதின லெட்டருக்குக் கிடைக்காத ஆளுங்க" என்றார் எலும்பு டாக்டர், அஞ்சுகத்தின் இடுப்பில் அடையாளம் போட்டுக்கொண்டே. "நீங்க என்னம்மா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். நாலெழுத்துல ஒரு வார்த்தை சொன்னோம், 'முடியாது'ன்னு."

புரட்டாசி இருபத்தெட்டில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. தோழி அதற்கு முந்தின நாள் கூப்பிடவே இல்லை. தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது.

மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் பத்து அடி நடந்து திரும்பினாள். வலி இருந்தது. ஆனால் அது வேறு வலி. போகப் போகக் குறைகிற ஜாதி. பக்கத்துக் கட்டிலில் முந்தின நாள் மாலைதான் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். முழங்காலில் பெரிய கட்டு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அஞ்சுகம் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா நடக்கறீங்களே. எனக்கு நாளைக்குத்தான் நடக்கச் சொல்லியிருக்காங்க."

"ரெண்டு நாள்ல ஓடுவீங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

"டீச்சர். பேரு ஷம்ஷாத். இனிமேலாவது மாடிப்படியில ரெண்டு கால்ல ஏறலாம். இவ்வளவு நாளா..." அவள் கூச்சத்தோடு சிரித்தாள். "அதை விடுங்க."

அஞ்சுகத்தின் வாக்கர் நின்றது. கட்டிலின் விளிம்பைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். ஒரு மாதமாக மனதில் வைத்திருந்ததை வெளியே சொன்னாள்.

"டீச்சர், நீங்க என்னைத் திட்டினாலும் பரவால்ல. ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை தோழி உங்களைப் பத்தித்தான் என்கிட்ட சொல்லிச்சு. நீங்க தவழ்ந்து ஏறுறதைச் சொல்லிச்சு. உங்களுக்கு விட்டுக்கொடுப்பியான்னு கேட்டுச்சு. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்."

ஷம்ஷாத் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடியும் மாட்டினாள்.

"நீங்க என்ன வேலை?"

"பஸ் கண்டக்டர்."

"தீபாவளிக்குள்ள ஆபரேஷன் ஆகலேன்னா உங்க வேலை போயிடும். வீட்டுல உக்காரத் தெரியாது உங்களுக்கு. சரியா?"

அஞ்சுகம் திகைத்துப்போனாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு தடவை கேட்டிருக்கேனே அந்தக் கதையை! வைகாசியில ஒண்ணு, ஆடியில ரெண்டு. மூணு தடவையும் உங்களுக்கு விட்டுக்கொடுத்தேன். நாலாவதா அந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கேட்டுச்சு." டீச்சர் குரல் தணிந்தது. "எங்க ஸ்கூல் ஆயா பஸ்ல யாரோ சொன்னதா வந்து சொல்லியிருந்தா. அதை நெனச்சுக்கிட்டு, முடியாதுன்னுட்டேன். உங்க வேலை என்னாலதான் போயிடுச்சோன்னு எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கல, கண்டக்டரம்மா."

"எனக்கும்தான் டீச்சர்" என்றாள் அஞ்சுகம். "பஸ்ல சொன்னதும் நான்தான்."

ஒரே மாலையில், ஒரே குரலில், தோழி இரண்டு பேரிடமும் மற்றவருக்காகக் கேட்டிருக்கிறது. விட்டுக்கொடுப்பதற்கு அன்று ஒரு இடமே இருக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்தாள்.

"என்னம்மா இது? தையல் பிரிஞ்சுட்டா மறுபடியும் வரிசையில நிக்கணும், ஆமா!"

அதற்கும் சிரித்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார். இரண்டு பேரும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.